திட்டாதே, கொடு

டுலூத், மின்னசோட்டா
மார்ச் 21, 2014

பிரிட்டா,

போனில் என்னைத் தடுத்துவிட்டாய். மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் வருகைப் பதிவேட்டில் போடும் ஒரு கிறுக்கல் தவிர நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது.

சொந்த அண்ணனே உன் கம்பெனிக்கு எதிராகப் போராட்டம் ஆரம்பித்துவிட்டான் என்று கோபம். புரிகிறது. ஆனால் நடந்ததை என் வாயால் ஒரு தடவை கேள்.

உங்கள் 'வெண்கடல்' வீடியோ கேமின் மூன்றாம் பாகம் வந்த அன்றே லீவு போட்டு உட்கார்ந்தேன். ஏழு வருடம், பிரிட்டா. மூன்று ஆட்டம். கப்பலில் யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று ஆட்டம் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுப்படி வரை நடந்துவிட்டு வந்து முடிவெடுத்தவன் நான். கடைசியில் என்ன? கேப்டன் எந்த உத்தரவு கொடுத்தாலும் கப்பல் பனியில் உறைகிறது, எல்லோரும் சாகிறார்கள், திரை வெள்ளையாகிறது. நான் யாரைக் காப்பாற்றினேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிந்தது. முப்பத்தொன்பது வயது ஆளுக்கு ஒரு விளையாட்டுக்காக வயிறு எரியலாமா என்று நீ கேட்பாய். எரிந்தது, அவ்வளவுதான்.

என்னைவிட மோசமாக எரிந்தவர்கள் இருந்தார்கள். ஆட்டத்தை எழுதியவர்கள் பட்டியலில் உன் பெயர் முதலில் இருக்கிறது. உன்னை என்ன செய்ய வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். அதைப் படித்த பிறகுதான் இன்டர்நெட்டில் அந்த நன்கொடைப் பக்கத்தைத் திறந்தேன். 'திட்டாதே, கொடு.' ஒரு திட்டு வாயில் வந்தால் அதை விழுங்கிவிட்டுப் பத்து டாலரைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போடு. படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு டிவியும் கேம் பெட்டியும் வைத்த தள்ளுவண்டி வாங்குவார்கள். கம்பெனிக்கும் நம் கோபம் எவ்வளவு என்று தெரியும்.

பத்து நாளில் வசூல் எங்கேயோ உயர்ந்துவிட்டது. திட்டும் குறைந்துவிட்டது, நீயே பார்த்திருப்பாய். அங்கே என் பெயர் 'துருப்பிடித்த நங்கூரம்'. நீ என் தங்கை என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அப்புறம் எதற்குத் தடுத்தாய்?

ஆர்லன்


ஆஸ்டின், டெக்சஸ்
மார்ச் 29

ஆர்லன்,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்திருந்தேன். நானும் காகிதத்திலேயே எழுதுகிறேன். என் கம்ப்யூட்டரை இப்போது வேறு ஆட்களும் பார்க்கிறார்கள். காரணம் நீ.

போராட்டத்துக்காக உன்னைத் தடுக்கவில்லை. அப்படியென்றால் பாதி நாட்டைத் தடுக்க வேண்டும். உன் பக்கத்தைத் திறந்து நாலாவது வரியைப் படி. நானே எழுதித் தருகிறேன்: "இதைவிட நல்ல முடிவு ஒன்று எழுதப்பட்டது எங்களுக்குத் தெரியும். காப்பாற்றப்பட்ட ஒவ்வொருவரும் வந்து ஒரு மணி நேரம் கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கும் முடிவு. நேரமில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்."

இது உனக்கு எப்படித் தெரியும்? ஜனவரியில் ஏரி மேல் உன் மீன்பிடி குடிலில், ஐஸில் துளை போட்டு மூன்று மணி நேரம் ஒரு மீனும் சிக்காமல் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன். பிராந்தி ஊற்றிய காப்பி குடித்திருந்தேன். அழுதேன்கூட. யாரிடமும் சொல்லாதே, ரகசியம் காப்பதாகக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "மீன்கிட்டகூட சொல்ல மாட்டேன்" என்று சொன்னாய்.

அந்த முடிவு இங்கே ஐந்து பேருக்குத்தான் தெரியும். சொன்னது யார் என்று ஐந்து பேரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தெரிந்தால் அன்றைக்கே வெளியே. வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இந்த வேலை தவிர வேறு ஒன்றும் தெரியாது, அதுவும் உனக்குத் தெரியும்.

திட்டு குறைந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா? திட்டுக்கு எங்களிடம் ஆள் இருந்தார். படிப்பார், போலீசுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புவார், மற்றதைக் குப்பையில் போடுவார். உன் ஆட்கள் கொடுக்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் கை கால் ஓடவில்லை. எங்கள் மேலாளர் ஹாலிஸ் கூட்டத்தில் சொன்னார்: "கல்லால அடிச்சா கண்ணாடிய மாத்திக்கலாம். இவங்க பூங்கொத்தால அடிக்கிறாங்க. கையத் தூக்கித் தடுத்தாக்கூட நாமதான் கெட்டவங்க." நோயாளிக் குழந்தைக்கு டிவி வாங்குகிறவனை யார் திட்ட முடியும்? "எங்கள் ரசிகர்களின் பெருந்தன்மை கண்டு நெகிழ்ந்தோம்" என்று ஒரு அறிக்கை விட்டோம். அதையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.

நீ வெறுக்கும் அந்த வெள்ளைத் திரை முடிவை ஒன்பது நாளில் எழுதினேன். வெளியீட்டுத் தேதியைச் சீக்கிரமாக்கிவிட்டார்கள். எனக்கும் அது பிடிக்காது. இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

பிரிட்டா


டுலூத்
ஏப்ரல் 5

பிரிட்டா,

மன்னித்துவிடு. இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேறு நல்ல வார்த்தை அகப்படவில்லை.

அந்த வரியை எழுதும்போது உனக்காகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதினார்கள், கெடுத்தது மேலே இருப்பவர்கள் என்று சொன்னால் உன் மேல் கல் விழாது என்று கணக்குப் போட்டேன். குடிலில் நீ அழுதது மனதில் இருந்தது. என் மண்டை அவ்வளவுதான் ஓடும்.

உன் கடிதம் வந்த அன்றே வரியை எடுத்துவிட்டேன். அது அடுத்த முட்டாள்தனம். பத்து நிமிஷத்தில் ஒருத்தன் கேட்டான், "நங்கூரம், யாருப்பா மிரட்டினது?" இன்னொருத்தன், "எடுத்துட்டான்னா உண்மைதான்." பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் ஆயிரம் பேர். அன்றைக்கு வந்த பணம் முதல் வாரம் முழுக்க வந்ததைவிட அதிகம். வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு.

ஒன்று மட்டும் நன்றாக நடந்தது. முதல் வண்டி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி நிதியைப் பார்த்துக்கொள்ளும் லுவான் அம்மாள் போனில் கூப்பிட்டார். சனிக்கிழமை போனேன். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க எல்லாம் எதுக்குக் கோவமா இருக்கீங்கன்னு கேட்டேன், யாரு சொல்லியும் புரியல. ஏதோ கப்பல் முழுகிடுச்சாமே?" என்றார்.

"முழுகல, உறைஞ்சு போச்சு."

"அட, இந்த ஊர்ல வருஷா வருஷம் உறையுது. அதுக்கா இத்தனை பணம்?"

சிரித்துவிட்டேன். பல வாரம் கழித்து.

அம்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் உன்னைக் கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆர்லன்


ஆஸ்டின்
ஏப்ரல் 17

ஆர்லன்,

ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் இல்லை.

மரிசல் கான்டூ. உனக்குத் தெரியாது. இருபத்துநாலு வயது, எனக்கு எதிர் மேசை, கப்பல் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சின்னச் சின்னப் பேச்செல்லாம் அவள் எழுதியது. சமையல்காரனும் மருத்துவரும் உப்புக்காகச் சண்டை போடும் இடம் உனக்குப் பிடிக்கும் என்று சொன்னாயே, அது மரிசல். ஐந்து பேரில் அவளும் ஒருத்தி.

உன் பக்கத்தில் கொடுத்தவர்களின் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது, இல்லையா? ஹாலிஸ் ஒரு ஆளை உட்காரவைத்து அதை மேலிருந்து கீழே வரை படிக்க வைத்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் நங்கூரம், திமிங்கிலம், பனிக்கரடி என்று பெயர் போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். இந்தப் பெண் சொந்தப் பெயரில் முப்பது டாலர் கொடுத்து, "குழந்தைகளுக்காக. கப்பலுக்காகவும்" என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். கதவு மூடியிருந்தாலும் அவள் குரல் கேட்டது. "குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன் சார். அது ஒரு குத்தமா?" ஹாலிஸ், "கொடுத்தது குத்தம் இல்லம்மா. எந்தப் பக்கம் நின்னு கொடுத்தேங்கிறதுதான் கேள்வி" என்றார். பன்னிரண்டு மணிக்கு வேலை போய், சாமான்களை அடைத்த அட்டைப் பெட்டியோடு வெளியே வந்தாள். பூந்தொட்டியை எடுத்துப் போகக் கை இல்லை. என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்துங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்" என்றாள்.

நான் சரி என்றேன். அன்றைக்கு நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

பிரிட்டா


டுலூத்
ஏப்ரல் 25

பிரிட்டா,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சாப்பிடவில்லை.

முதலில் இங்கத்திய கூத்து. முடிவை மாற்றப் போவதில்லை என்று உங்கள் கம்பெனி போன வாரம் அறிவித்தது அல்லவா? மறுநாளே லுவான் அம்மாள் போன் செய்தார். குரலே களைத்திருந்தது. "ஆர்லன், உங்க ஆளுங்க பணத்தைத் திருப்பிக் கேக்குறாங்க." எனக்கு விளங்கவில்லை. ஒரு கடிதத்தை வாசித்துக் காட்டினார்: "நாப்பது டாலர் கட்டியிருக்கேன். புது முடிவு எப்ப டவுன்லோடு ஆகும்? ஆகாதுன்னா பணத்தை வாபஸ் பண்ணுங்க." இப்படி நூற்றுக்கு மேல். முன்பதிவு என்று நினைத்துவிட்டார்கள், பிரிட்டா! வாழ்நாள் முழுக்க ஆட்டத்துக்கு முன்பணம் கட்டியே பழகியவர்கள். பணம் கட்டினால் ஏதாவது இறங்க வேண்டும், அவ்வளவுதான் தெரியும். ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்றுகூட ஒருவன் படிக்கவில்லை.

"நான் அந்தப் பணத்துல அடுத்த வண்டிக்கு ஆர்டர் கொடுத்துட்டேனே," என்றார் லுவான். "ஒரு பிள்ளைகிட்ட இருந்து டிவியப் பிடுங்கிட்டு வான்னு என்னை அனுப்புவீங்களா?" என் சேமிப்பிலிருந்து சிலருக்குத் திருப்பிக் கொடுத்தேன். வசூலையே நிறுத்திவிடச் சொல்லி லுவான் கேட்டுக்கொண்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அந்த அம்மாள் தலையில் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறேன்.

இப்போது மரிசல் விஷயம். நான் ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும்: "நான் பிரிட்டா ஹாகனின் அண்ணன். எனக்கு அது என் தங்கை மூலம் தெரியும்." வேறு எப்படிச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எழுதினால் உன் வேலை போகும். எழுதாவிட்டால் அந்தப் பெண் செய்யாத தப்பைச் சுமப்பாள்.

நீ சொன்னால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் எழுதியதே போதும்.

ஆர்லன்


ஆஸ்டின்
மே 3

ஆர்லன்,

எழுதாதே.

காரணம் சொல்கிறேன், பிறகு நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். திங்கட்கிழமை ஹாலிஸ் கூப்பிட்டார். மேலிடம் மனம் மாறிவிட்டதாம். பங்கு விலை இறங்கிவிட்டது, செய்தித்தாளில் தள்ளுவண்டிப் படம் வந்துவிட்டது, சமாளிக்க முடியவில்லை. புது முடிவு செய்து இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். "உன்கிட்ட பழையது ஒண்ணு இருந்துச்சே, அந்தச் சக்கரம், அதையே எடு. மே கடைசிக்குள்ள வேணும்" என்றார்.

அதையே, ஆர்லன். யாரைக் காப்பாற்றினாயோ அவர் வந்து சக்கரம் பிடிப்பார். யாரை விட்டாயோ அவருடைய மணி நேரம் வரும்போது சக்கரத்தில் ஆள் இருக்காது; கப்பல் தானாக ஆடும். ஏழு வருடமாக இதற்காகத்தான் ஒவ்வொரு ஆளையும் உண்டாக்கினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நல்ல விஷயம் இது. நான் போனால் இதை வேறு யாரோ மூன்று நாளில் கிறுக்கிவிடுவார்கள்.

மரிசலுக்கு வயது இருக்கிறது. கெட்டிக்காரி. வேறு இடம் கிடைக்கும். இந்த வரியை எழுதும்போது எனக்கே கூசுகிறது, அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், பார். மே முடியட்டும். அதற்குப் பிறகு யோசிக்கலாம். பேசாமல் இரு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பிரிட்டா


டுலூத்
மே 12

பிரிட்டா,

பக்கத்தை மூடிவிட்டேன். புது முடிவு வருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்து "ஜெயிச்சுட்டோம்" என்று எல்லோரும் கூத்தாடுகிறார்கள். துருப்பிடித்த நங்கூரத்துக்குச் சிலை வைக்கலாம் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். எனக்கு இரண்டு நாள் தொடர்ந்து தூங்க வேண்டும் போல் இருக்கிறது.

மூடும் முன் கடைசியாக வந்த செய்திகளைப் படித்தேன். ஒன்று மரிசலுடையது. அப்படியே எழுதுகிறேன்: "இந்தப் பக்கத்தைத் திறந்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கோவம் இல்ல. வேலை கேட்டுப் போற இடத்துல எல்லாம் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேக்குறாங்க, அப்புறம் கூப்பிட மாட்டேங்கிறாங்க. அந்த நாலாவது வரியை நான் சொல்லலைன்னு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடுப்பீங்களா?"

அவளுக்குப் பதில் போடாமல் வேறொரு கடிதம் எழுதினேன்.

இந்தக் கவருக்குள் இன்னொரு கவர் இருக்கிறது. ஹாலிஸ் பெயர், கம்பெனி விலாசம், தபால்தலை, எல்லாம் சரியாக இருக்கிறது. உள்ளே நான் யார், யார் சொல்லித் தெரியும், எப்போது, எங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தபால் பெட்டி வரை மூன்று முறை போய்த் திரும்பி வந்தேன். வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு போட முடியவில்லை. கிழித்துப் போடவும் முடியவில்லை. கோழைத்தனம்தான். உன்னிடம் தள்ளிவிடுகிறேன்.

ஆர்லன்


ஆஸ்டின்
ஜூன் 6

ஆர்லன்,

உன் கவர் மே 16 அன்று வந்தது. ஹாலிஸ் மேசையில் நான் அதை வைத்தது மே 27. நடுவில் பதினோரு நாள்.

பதினோரு நாளும் என்ன செய்தேன் என்று கேட்காதே, நானே சொல்கிறேன். எழுதினேன். கவரை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சக்கரத்தை எழுதினேன். நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. மனசாட்சி உறுத்தினால் எழுத்து வராது என்பார்கள். எனக்கு அருவியாகக் கொட்டியது. 26ஆம் தேதி கடைசி வரியை அனுப்பினேன். மறுநாள் காலை உன் கவரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாலிஸ் இரண்டு தடவை படித்தார். கத்தவில்லை. "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே," என்றார். "கொடுத்திருக்கலாம்" என்றேன். மதியத்துக்குள் அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். புது முடிவு ஆகஸ்டில் வருகிறது. என் பெயர் அதில் இருக்காது. நீ விளையாடும்போது அது நான்தான் என்று உனக்குத் தெரியும், அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை.

மரிசலைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வர மாட்டேன் என்றாளாம். வாடகை கட்ட முடியாமல் 24ஆம் தேதியே அறையைக் காலி செய்துவிட்டு லரேடோவில் அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இருபத்துநாலாம் தேதி, ஆர்லன். கவர் என் இழுப்பறையில் இருந்த எட்டாம் நாள்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் பக்கம் ஏதோ நாய் குரைத்தது. பிறகு கேட்டாள்:

"அந்தக் கவர் உங்ககிட்ட எத்தனை நாள் இருந்துச்சு?"

"பதினோரு நாள்."

"முடிச்சிட்டுத்தான் கொடுத்தீங்க."

"ஆமா."

"நல்லா வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"நானா இருந்தாலும் முடிச்சிட்டுத்தான் கொடுத்திருப்பேன்," என்றாள்.

குத்திக் காட்டவில்லை. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். எனக்கு அவள் திட்டியிருக்கலாம் என்று இருக்கிறது. நேற்றிலிருந்து அவள் என்னை என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று நானே யோசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டை விடுகிறேன். வியாழக்கிழமை பஸ்ஸில் கிளம்புகிறேன், சனிக்கிழமை வந்து சேர்வேன். அம்மாவிடம் லீவில் வருகிறாள் என்றோ, வேலை அதிகம் என்றோ ஒன்றும் சொல்லி வைக்காதே. நான் சொல்கிறேன். இதையாவது நாள் கடத்தாமல் நானே சொல்கிறேன்.

பிரிட்டா